மலை ஏறும் பிக்கப்புக்கு நாமே ஆயில் மாற்றலாமா? பில்லில் மட்டும் மாறிய பில்டரின் கதை

கம்பம் பள்ளத்தாக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டரை லிட்டர் டர்போ டீசல் பிக்கப். 2017 மாடல், பிஎஸ்4 (புகை மாசுக்கான அரசுத் தரம்). இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் நான்கு இரவு வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகச் சங்கனாச்சேரி சந்தைக்குப் போகிறேன். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டிதான். லோயர் கேம்ப்பைத் தாண்டி குமுளிக்கு ஏறும் அந்தக் கொஞ்சத் தூரம், மொத்தப் பயணத்தையும்விட இஞ்சினை அதிகமாக வாட்டுகிறது.

போன மாதம் வழக்கமாக விடும் பட்டறையில் ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றச் சொல்லியிருந்தேன். பில்லில் இரண்டுக்கும் பணம் போட்டிருந்தார்கள், கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று சைலன்சர் கிளாம்ப் ஆடுகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் படுத்தபோது பில்டர் கண்ணில் பட்டது. போன வருடம் கல் தெறித்து அதன் அடிப்பக்கத்தில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. அந்த நெளிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. பில்டரையே மாற்றவில்லை என்றால் ஆயிலை மாற்றினார்கள் என்று எதை வைத்து நம்புவது? இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. இந்த வண்டிக்குக் கடன் கட்டி முடித்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். இனிமேல் இந்த வேலையை நானே செய்வது என்று முடிவு எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் அப்பா நெல் காயப்போட்ட சிமெண்ட் களம் இருக்கிறது, நல்ல சமதளம். ரிங் ஸ்பேனர் செட்டும் இருக்கிறது. ஆனால் இதுவரை செய்ததில்லை. எதில் தவறு நடக்கும், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

போடி பழைய பட்டறை எழுதியது:

தம்பி, முப்பது வருடம் டீசல் வண்டிகளுக்கு அடியில் படுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இதில் வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். பட்டறைகளில் ஏமாற்ற நினைக்காதவர்கள்கூடக் கோட்டை விடுவது பொறுமையில்தான். பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்போது ஆயில் கடைசிச் சொட்டு வரை வடியட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

மலையிலிருந்து இறங்கிய கையோடு ஆயில் வடிக்கும் பிளக்கைக் கழற்றாதீர்கள். அந்தச் சூட்டில் ஆயில் தோலை உரித்துவிடும். முழுக்க ஆறிய ஆயிலும் வேண்டாம். அது சம்ப்பின் (இஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் கசடை விட்டுவிட்டு மேலாக மட்டும் வடியும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, களத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் விடுங்கள். சம்ப்பின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிக்கப் உயரமான வண்டி, பெரும்பாலும் ஜாக் இல்லாமலே அடியில் போய்விடலாம். உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று விற்கும் இரும்புத் தாங்கிகளை வையுங்கள். வெறும் ஜாக்கையும் செங்கலையும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. அப்படிப் போன ஒருவரை நான் வெளியே இழுத்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முதலில் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள், கீழே சீராக வடியும். பிளக்குக்குச் சரியான அளவு ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோதான் போட வேண்டும். ஓபன் ஸ்பேனர் போட்டால் பிளக்கின் முனைகள் உருண்டுவிடும். கடைசிச் சுற்றுகளில் பிளக்கை உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றி, மரை விட்டதும் சட்டென்று கையை விலக்குங்கள். ஆயில் முதலில் நேராகக் கீழே விழாது, ஒரு முழம் தள்ளிப் பீய்ச்சும். சட்டியை அதற்கேற்ப வையுங்கள். பிறகு அரை மணி நேரம் வடிய விடுங்கள். காபி குடித்துவிட்டு வந்தாலும் தப்பில்லை.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதைப் பாருங்கள். விபூதி போல மிருதுவான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது தேய்மானம். கையில் நெருடும் செதில்கள் இருந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பேசலாம். பிளக்கின் வாஷர் செம்பானாலும் அலுமினியமானாலும் ஒவ்வொரு முறையும் புதியது போடுங்கள். நசுங்கி அடைப்பதுதான் அதன் வேலை. ஒரு முறை நசுங்கியது மறுமுறை அடைக்காது. அதில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் கசிவை நிறுத்துகிறேன் என்று பிளக்கை வெறியோடு முறுக்கிச் சம்ப்பின் மரையைக் கெடுக்கிறார்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு கையேட்டில் இருக்கும்.

பில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையமும் அதோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். சில நேரம் அது இஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதியதைப் பொருத்தினால் இரண்டு வளையமும் சேர்ந்து வழுக்கி, ஓடும்போது மொத்த ஆயிலையும் ரோட்டில் கொட்டிவிடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் சுற்றுங்கள். வளையம் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று போதும். ஸ்பேனரால் முறுக்க வேண்டாம்.

கையேட்டில் உள்ள அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி இஞ்சினை எடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. ஆயில் விளக்கு அணைய இரண்டு மூன்று விநாடி கூடுதலாக ஆகும், புது பில்டர் நிறைய வேண்டும் அல்லவா. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பத்து நிமிடம் கழித்து ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள். அதிகம் ஊற்றினால் இஞ்சினுக்கு நல்லது என்ற எண்ணம் டீசல் வண்டியில் ஆபத்தானது. சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைக்கும், நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது. மிகவும் அதிகமானால் காற்று போகும் வழியாக ஆயிலே உள்ளே போய் எரியும். அப்போது சாவியைத் திருப்பி அணைத்தாலும் இஞ்சின் நிற்காது, தன் ஆயிலையே எரித்து வேகம் கூடிக்கொண்டே போகும்.

செங்கோட்டை சரக்கு எழுதியது:

அண்ணாச்சி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து பழைய ஆயிலை வடித்ததும் இரண்டு லிட்டர் டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடிப்போம். ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் வண்டிகள் எல்லாம் அப்படித்தான். உள்ளே இருக்கும் கரி மொத்தமும் வெளியே வந்துவிடும்.

போடி பழைய பட்டறை எழுதியது:

உங்கள் அப்பா செய்தது அவருடைய வண்டிக்குச் சரியாக இருந்திருக்கலாம். டர்போ இல்லாத, மெதுவாக ஓடிய பழைய இஞ்சின்களை நானும் அப்படிக் கழுவியிருக்கிறேன். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றி இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. இன்றைய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. அந்தப் படலத்தின் இடத்தில் டீசலை ஓடவிட்டால் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தேயும் என்று வெளியே தெரியாது. ஆறு மாதம் கழித்து விசில் சத்தமாகத்தான் தெரியும். அதோடு, எவ்வளவு வடித்தாலும் கால் லிட்டராவது உள்ளே தங்கும், அது புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். கரியை வெளியேற்றும் வேலைக்காகத்தான் ஆயிலிலேயே சுத்திகரிக்கும் மருந்து சேர்த்திருக்கிறார்கள். உள்ளே அழுக்கு அதிகம் என்று சந்தேகம் இருந்தால் அடுத்த ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்றுங்கள். அதைவிட நல்ல கழுவல் கிடையாது.

செங்கோட்டை சரக்கு எழுதியது:

டர்போ விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணாச்சி. எங்கள் வீட்டில் இப்போது இருப்பதும் டர்போ வண்டிதான். தம்பியிடமும் சொல்லிவிடுகிறேன், அவன் போன முறை மண்ணெண்ணெயே ஊற்றினான்.

கம்பம் பள்ளத்தாக்கு எழுதியது:

அண்ணன் எழுதியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னொரு சந்தேகம். ஆயில் கடையில் 15டபிள்யூ-40 வேண்டுமா, 5டபிள்யூ-30 வேண்டுமா என்று கேட்டார்கள். இடுக்கிக் குளிருக்கு 5 தான் நல்லது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். விலையும் கூடுதல். மேலும், புது ஆயில் இரண்டு நாளில் கறுத்துவிடுகிறதே, அது போலி என்பதற்கு அடையாளமா?

கொழிஞ்சாம்பாறை தென்னை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் இளநீர் ஏற்றுகிறேன், சொந்தமாக இரண்டு பிக்கப்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் இஞ்சின் எடுப்பதைப் பற்றியது. 15 என்ற ஆயிலைச் சோதிப்பதே மைனஸ் 20 டிகிரியில், 5 என்றால் மைனஸ் 30 டிகிரியில். நம் குமுளியிலும் வண்டன்மேட்டிலும் மார்கழிக் குளிர் எவ்வளவு நடுக்கினாலும் தண்ணீர் உறைவதில்லை. ஆகவே குளிரைக் காரணம் சொல்லி 5 வாங்கச் சொல்வது பொருந்தாத பேச்சு. பின்னால் இருக்கும் எண்தான் உங்களுக்கு முக்கியம். 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்வது அது. 40 என்பது 30-ஐவிடக் கெட்டி. பாரத்தோடு இரண்டாம் கியரில் மலை ஏறும் பழைய பிஎஸ்4 வண்டிக்குக் கையேட்டில் 15டபிள்யூ-40 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே போடுங்கள். கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி, நானும் கடைக்காரரும் சொல்வது சரியில்லை.

எண்ணைவிடத் தர எழுத்தைப் பாருங்கள். டப்பாவின் பின்னால் ஏபிஐ (ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) என்று போட்டு சிஐ-4, சிகே-4 என்று இருக்கும். சிஐ-4 என்பது 2002-இல் வந்த தரம். சிகே-4 வந்தது 2016 கடைசியில். பெட்ரோல் கார் ஆயிலின் எழுத்து எஸ் என்று தொடங்கும். அது மட்டும் போட்ட டப்பாவை டீசல் வண்டிக்கு வாங்காதீர்கள்.

கறுப்பு நிறத்தைப் பற்றி: டீசல் இஞ்சினில் ஆயில் கறுக்கத்தான் வேண்டும். எரிந்த கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்க வைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நிறத்தைப் பார்த்துப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் போலி இருக்கிறது, அது வேறு விதமாக நடக்கிறது. நல்ல கம்பெனியின் காலி டப்பாவைப் பழைய சாமான் வியாபாரியிடமிருந்து வாங்கி, மட்டமான ஆயிலை நிரப்பி மூடி போட்டு விற்கிறார்கள். ஆகவே வாங்கும்போது மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். காலி டப்பாவைத் தூக்கிப் போடும்போது கத்தியால் வயிற்றைக் கிழித்துவிடுங்கள். இதை என் டிரைவர்களுக்குக் கட்டளையாகவே வைத்திருக்கிறேன்.

ஊத்துக்கோட்டை பால்வண்டி எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு கேள்வி. என்னுடையது 2021 பிஎஸ்6 பிக்கப். சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களில் பால் கேன் எடுக்கிறேன். கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், இஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது! ஆயில் ஊற்றவே இல்லை. தண்ணீர் கலக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை தென்னை எழுதியது:

தண்ணீர் கலந்தால் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும், ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். இரண்டும் இல்லை என்றால் கலப்பது டீசலாக இருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து பல டீசல் வண்டிகளின் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது நிறைந்ததும் கூடுதல் டீசலைச் செலுத்தி, சூட்டை ஏற்றி, பிடித்த கரியை வண்டியே எரித்துவிடும். அந்த எரிப்பு நடுவில் நீங்கள் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேர்கிறது. உங்களைப் போல நின்று நின்று ஓடும் வண்டிகளுக்கு இது அதிகம் நடக்கும்.

மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது திருப்பதி ரோட்டில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் வண்டிக்குக் குறைந்த சாம்பல் ஆயில்தான் போட வேண்டும், கையேட்டில் எழுதியிருக்கும். கரியை எரித்துவிடலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கி அடைத்துவிடும். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டால் ஆயில் விலை பெரிதாகத் தெரியாது.

ஊத்துக்கோட்டை பால்வண்டி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், ரேடியேட்டர் தண்ணீர் அப்படியே இருக்கிறது. டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், டீசல் வாசனை அடிக்கிறது. இன்று மாலையே மாற்றுகிறேன்.

வண்டன்மேடு ஏலம் எழுதியது:

எல்லோரும் ஆயிலை வடிப்பதைப் பற்றி எழுதுகிறீர்கள், வடித்த ஆயிலை என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை. எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். காய் எடுத்துக்கொண்டு புற்றடி ஏல மையத்துக்கும் போடிக்கும் போக ஒரு பிக்கப் வைத்திருக்கிறோம். என் கணவர் போன முறை ஆயில் மாற்றிவிட்டு, பழையதைத் தோட்டத்துக் கீழே குழி தோண்டி ஊற்றினார். மழை வந்ததும் அடுத்த வளைவில் ஓடைத் தண்ணீரின் மேல் வானவில் போலப் படலம் மிதந்தது. அந்தத் தண்ணீரில்தான் ஏலத்துக்கு மருந்து கலக்கிறோம், வேலைக்கு வருகிற பெண்கள் கை கால் கழுவுகிறார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

செங்கோட்டை சரக்கு எழுதியது:

அக்கா, எங்கள் ஊரில் வேலிக் கம்புக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் பூசுவோம். கரையான் அண்டாது. மிச்சத்தை மாட்டுப் புண்ணுக்குக்கூடத் தடவுவார்கள்.

போடி பழைய பட்டறை எழுதியது:

மாட்டுப் புண்ணுக்கு வேண்டவே வேண்டாம் தம்பி. மாடு நக்கும். ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகமும் கரியும் எரிந்த மருந்தும் கலந்திருக்கின்றன. எனக்கே வருடக்கணக்கில் வெறும் கையால் தொட்டுத் தொட்டு விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, மருத்துவர் திட்டிய பிறகுதான் கையுறை போட்டேன். வேலிக் கம்பில் பூசினாலும் ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குத்தான் இறங்கும்.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். நாம் தனியாக ஆலையைத் தேடிப் போக முடியாது. ஆனால் வண்டிக் கம்பெனிகளின் பெரிய சர்வீஸ் சென்டர்கள் பீப்பாயில் சேர்த்து வைத்து அந்த ஆலைகளுக்கு அனுப்புகின்றன. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக்கி மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். அதில் தண்ணீரோ டீசலோ பிரேக் ஆயிலோ கலக்கக் கூடாது. சுத்தமாகக் கொடுத்தால் அதை மறுபடியும் நல்ல அடிப்படை ஆயிலாக மாற்ற முடியும்.

கம்பம் பள்ளத்தாக்கு எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் களத்து ஓரச் சாக்கடையைப் போய்ப் பார்த்தேன். அது வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் ஓடுவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் பென்னிகுயிக் அணையைக் கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே போன ஆற்றைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவந்த தண்ணீர். எங்கள் ஊரில் அவருக்குப் பொங்கல் வைக்கிறோம். தேனியில் தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டம் அதைக் குடிக்கிறது. அந்தத் தண்ணீரில் என் வண்டியின் ஆயிலை விடமாட்டேன். களத்தின் ஓரத்தில் மரத்தூள் மூட்டை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், சிந்தினால் அள்ள.

கம்பம் பள்ளத்தாக்கு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. மூன்று மணி நேரம் ஆனது, அதில் ஒன்றரை மணி நேரம் பில்டரோடு போராட்டம். கையால் அசையவில்லை. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இழுத்தேன், வழுக்கியது. கடைசியில் போடி அண்ணனுக்குத் தனிச் செய்தி அனுப்பி, அவர் சொன்னபடி பெல்ட் வகை பில்டர் ஸ்பேனர் வாங்கி வந்து போட்டதும் ஒரே இழுப்பில் கழன்றது. போன மாதம் புதிதாக மாட்டிய பில்டர் இவ்வளவு இறுகியிருக்காது.

கழற்றிய பில்டரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. தயாரித்த ஆண்டு 2022 என்று இருந்தது. ஆக, ஒரு முறை இல்லை, பல முறை பில்லில் மட்டும் மாறியிருக்கிறது. அந்த பில்டரைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் பார்த்தார், பேசவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் மனம் ஆறவில்லை, ஆனால் சண்டை போடாமல் வந்துவிட்டேன்.

பிளக்கின் காந்தத்தில் பசை மட்டும்தான், செதில் எதுவும் இல்லை. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வடித்த ஆயிலைப் பழைய டப்பாக்களில் நிரப்பித் தேனியில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். புது பில்டரின் மேல் பெயிண்ட் பேனாவால் தேதியும் 1,18,400 என்று கிலோமீட்டரும் எழுதியிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்பதற்குக் கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கு, மலை, பாரம், தூசி உள்ள கடும் பயன்பாட்டுக்குப் பாதிக் கணக்கு என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. இத்தனை வருடமாக அதைப் படிக்கவே இல்லை. இனி அந்தப் பாதிக் கணக்குதான்.

வண்டன்மேடு ஏலம் எழுதியது:

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள். என் கணவரிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை போடிக்குக் காய் கொண்டுபோகும் வண்டியிலேயே பழைய ஆயில் டப்பாவும் போகும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்களுக்குச் சமதளம் மட்டும்தான் பிரச்சினை, வீடே சரிவில் இருக்கிறது.

போடி பழைய பட்டறை எழுதியது:

சரிவில் வடித்தால் பாதி உள்ளேயே நிற்கும், டிப் ஸ்டிக்கும் பொய் சொல்லும். காய் உலர்த்தும் ஸ்டோர் முன்னால் லாரி நிற்கும் தளம் இருக்கும் அல்லவா, அங்கே கேட்டுப் பாருங்கள் அக்கா.

கம்பம் தம்பி, இன்னும் ஒரு வேலை பாக்கி. முதல் முறை பாரத்தோடு மலை ஏறி இறங்கிய மறுநாள் காலை, இஞ்சின் எடுப்பதற்கு முன்னால் பிளக்கையும் பில்டர் வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். டிப் ஸ்டிக்கையும் பாருங்கள், பில்டர் குடித்த ஆயில் அளவு குறைந்திருக்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கு எழுதியது:

இப்போதுதான் சங்கனாச்சேரியிலிருந்து வந்து, தூங்கி எழுந்து பார்த்தேன் அண்ணே. பிளக்கும் பில்டரும் காய்ந்த துணி போல இருக்கின்றன. கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது, கால் லிட்டர் ஊற்றினேன்.